முள்மரத்துக்கு வடக்காலை

மச்சாள்,

உங்கள் மழைக்கோட்டை இன்றைக்குத்தான் கையில் எடுத்தேன். போன இலையுதிர்காலத்திலிருந்து அது படிக்குக் கீழே கொழுவியபடியே கிடந்தது. பழைய உடுப்பு எடுக்கிற சரிட்டிக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் தம்பி எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்து, கழுவுவதற்கு முதல் பைகளைத் தடவிப் பார்த்தேன். ஒரு பையில் பெப்பர்மிண்ட் உறை, பழைய பஸ் டிக்கெட். மற்றதில் டிஷ்யூவில் சுற்றிய ஏதோ ஒன்று. விரித்தால் காய்ந்துபோன சிறிய தண்டு, நுனியில் மயிர் போல வேர், அதில் ஒட்டிய மண். கையில் வைத்துக் கசக்கினேன். மண் மணந்தது. சமையலறையில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

எந்த வீட்டு மதிலில் பிடுங்கினீர்களோ தெரியாது. இந்த லண்டனில், கிங்ஸ்பரி ஸ்டேஷனிலிருந்து நம் வீடு வரைக்கும் நடந்து வருகிற வழியில், உங்கள் விரல் படாத முன்வளவு ஒன்றும் இல்லை. சப்பாத்து லேஸ் கட்டுகிற மாதிரிக் குனிவீர்கள். நிமிரும்போது கோட்டுப்பையில் ஒரு கொப்பு இருக்கும். வெட்கத்தில் நான் நாலடி முன்னால் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"என்ன மச்சாள், ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?"

"ஒரு கொப்பு குறைஞ்சது உந்த வெள்ளைக்காரருக்குத் தெரியவே போகுது? நீர் சும்மா நடவும்."

ஆட்கள் உங்களை வாயாடி என்றார்கள். கலியாணம் கட்டாமல், நாற்பது வயதில், தம்பி வீட்டுச் சின்ன அறையில் வந்து குந்திக்கொண்டிருக்கிற அக்கா என்றும் சொன்னார்கள். நானும் முதலில் கொஞ்சம் பயந்துதான் இருந்தேன். உங்களுடைய அகதிக் கேஸ் அப்போது குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. பாண் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது உங்கள் உடுப்பெல்லாம் ஈஸ்ட் மணக்கும். என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு சிநேகிதி வந்து வாய்த்தது அந்த மணத்தோடுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் பிள்ளை டிசம்பரில் பிறந்து டிசம்பரிலேயே போய்விட்டாள். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிக்கவில்லை, பேரும் வைக்கவில்லை. பச்சைப் பிள்ளையை எரிக்கிறதில்லை, புதைக்கவேணும் என்றார்கள். உங்கள் தம்பியும் அவருடைய கூட்டாளிமார் சிலரும் ஒரு விடியற்காலை அவளைக் கொண்டுபோனார்கள். பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கம் இல்லைதானே. நீங்களும் நானும் வீட்டில் இருந்தோம். என் மார்பில் பால் கட்டி நெரிந்தது. நீங்கள் துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அவர் திரும்பி வந்து, குளித்து, கதிரையில் இருந்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"எங்கை வைச்சனீங்கள்?"

"அங்கை ஒரு முள்மரம் நிக்குது. அதுக்கு வடக்காலை."

"வடக்காலை எண்டால்?"

"எனக்கு வேறை ஒண்டும் தெரியாது. மண்ணைப் போட்டாப்பிறகு திரும்பிப் பாக்கப்படாது எண்டவை. நான் பாக்கேல்லை."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் எழும்பிப் போய்விடுவார். அவர் கல்நெஞ்சன் இல்லை என்று எனக்குத் தெரியும். குளிக்கிற அறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறவர் அவர். ஆனால் எனக்கு வேண்டியது அவருடைய அழுகை இல்லை. என் பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியவேண்டும். அந்த இடத்தில், அவளுக்குப் பக்கத்தில், ஒரு தரமாவது நான் இருக்கவேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அந்தக் குளிர் மாரி முழுக்க நான் கட்டிலில் கிடந்தேன். வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, "உமக்கு வயசு கிடக்கு, அடுத்தது வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்தது வரவேயில்லை என்பது வேறு கதை. நாலு மணிக்கே இருண்டுவிடுகிற ஊரில், வீட்டில் மூன்று பேர் இருந்தும் நான் தனியேதான் இருந்தேன். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் வந்து போர்வையை இழுத்தீர்கள்.

"எழும்பும். வெளிக்கிடும்."

"எங்கை?"

"முள்மரத்துக்கு."

படியால் இறங்கும்போது, அரிசி கடன் கேட்க வந்த அடுத்த தெரு ஆன்ரி ஒருவர் வாசலில் நின்றார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "பொம்பிளையள் உங்கை போகப்படாது பிள்ளை. அதுவும் பிள்ளை பெத்த உடம்பு. என்னவும் தொத்திக்கொண்டு வந்திடும்."

நீங்கள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "அங்கை இருக்கிற பேயளெல்லாம் இங்கிலீசுக்காரப் பேயள் ஆன்ரி. அதுகளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இங்கிலீசு ஏலாது. பிறகென்ன பயம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்ததற்காக உடனே அழுகையும் வந்தது.

இரண்டு பஸ் மாறிப் போனோம். பெரிய மயானத்தின் ஒரு மூலையில் குழந்தைகளின் பகுதி இருந்தது. கல் இல்லை, சிலுவை இல்லை. புல்லுக்குள்ளே சின்னச் சின்ன மேடுகள், அவ்வளவுதான். ஒன்றிரண்டில் காற்றாடியும் கரடிப்பொம்மையும் மழையில் ஊறிக் கிடந்தன. நடுவில் முள்மரம் நின்றது, இலை இல்லாமல். நீங்கள் கையை நெற்றிக்கு மேலே வைத்துச் சூரியனைப் பார்த்தீர்கள். நம் ஆட்களுக்கு வலப்பக்கம், இடப்பக்கம் என்று வழி சொல்ல வராது. வடக்காலை, தெற்காலைதான். "இது கிழக்கு. அப்ப இந்தக் கைப்பக்கம் வடக்கு" என்று சொல்லி, மரத்திலிருந்து நேரே நடந்து, ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். "இஞ்சை வாரும்."

மயானத்துக் கந்தோரில் கேட்டிருக்கலாம், அதுதான் முறை. ஆனால் கந்தோர் என்றாலே நீங்கள் பயந்த காலம் அது. பேரைக் கேட்பார்கள், பேப்பரைக் கேட்பார்கள், குரோய்டனுக்கு எழுதிப் போடுவார்கள் என்று சொல்வீர்கள். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வடக்கு வடக்குத்தானே. நான் அந்த ஈரப் புல்லில் இருந்தேன். கையை மண்மேல் வைத்தேன். வந்திட்டன் அம்மா, வந்திட்டன் என்று சொன்னேன். நீங்கள் முள்மரத்தடியில் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள், நான் போதும் போதும் என்னும்வரை அழட்டும் என்று.

வாசலில் ஒரு பலகை இருந்தது. மரம் வைக்கக்கூடாது, செடி உயரமாக வளரக்கூடாது, வேலி கட்டக்கூடாது. தாழ்வாகப் படர்கிற பூக்கள் மட்டும் வைக்கலாம். அடுத்த சனிக்கிழமை சந்தையில் செடி விற்கிற மனிசனிடம் நீங்கள் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புரையேறும். "நோ அப். ஒன்லி ஸ்லீப்" என்று சொல்லி, உள்ளங்கையைக் கவிழ்த்து நிலத்தைத் தடவிக் காட்டினீர்கள். "எவ்ரி இயர் கமிங். யு அண்டஸ்டாண்ட்?" அந்த மனிசனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. ஒரு தட்டு நிறைய ஓப்ரீசியா கன்றுகள் எடுத்துத் தந்தான். சாம்பல் பச்சையில் சின்ன இலை. ஊதா நிறத்தில் நாலிதழ்ப் பூ. ஒருமுறை வைத்தால் போதுமாம், ஒவ்வொரு வசந்தத்துக்கும் தானே பூக்குமாம். உங்கள் வாயில் அந்தப் பேர் நுழையவில்லை. ஊதாப் பாய் என்று நீங்களே ஒரு பேர் வைத்தீர்கள்.

நட்டோமே, அது ஒரு பெரிய கூத்து. ஊரில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்டுகிற மாதிரி, அந்த மேட்டைக் குழியாகத் தோண்டி, சுற்றிவர வரம்பு கட்டி, நடுவில் கன்றுகளை வைத்தோம். பால் கான்களில் தண்ணீர் நிரப்பி பஸ்ஸில் கொண்டுபோய் ஊற்றினோம். மழை பெய்கிற நாளிலும் ஊற்றினோம். மயானத்துத் தோட்டக்காரர் நம்மைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அந்த வசந்தம் பூத்தது. கோடையில் பச்சையாக இருந்தது. மாரி வந்தபோது பாத்திக்குள் தண்ணீர் தேங்கி, களிமண்ணில் வழி இல்லாமல் நின்று, ஓப்ரீசியா முழுக்கக் கறுத்து அழுகிப் போயிற்று. விரலால் தூக்கினால் கூழ் மாதிரி வந்தது.

"இதையும் சாக்காட்டிப்போட்டன்" என்று நான் சொன்னேன்.

நீங்கள் என்னை முறைத்தீர்கள். "வாயைப் பொத்தும். தண்ணி கூடிப்போச்சு. அவ்வளவும்தான்."

உங்களுக்கு அழக்கூடத் தெரியாது என்று அப்போது நினைத்தேன். அடுத்த ஞாயிறே லைப்ரரிக்குப் போய், படம் போட்ட தோட்டப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தீர்கள். எழுத்துக் கூட்டி வாசித்து நான் சொல்ல, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இது மலையில், கல்லிடுக்கில் வளர்கிற சாதியாம். வெயில் வேணுமாம். காலடியில் தண்ணீர் நிற்கக்கூடாதாம். சுண்ணாம்பு பிடிக்குமாம். நாம் செய்தது எல்லாமே தலைகீழ். "இவ்வளவு நாளும் மீனைப் பிடிச்சு மரத்திலை ஏத்தியிருக்கிறம்" என்று நீங்கள் சிரித்தீர்கள். பிறகு பாத்தியை மூடி, மண்ணைக் குவித்து உயர்த்தி, சல்லியும் சுண்ணாம்புத் தூளும் கலந்து, புதுக் கன்றுகளும் உங்கள் களவுக் கொப்புகளும் சேர்த்து வைத்தோம். தண்ணீர்க் கானை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகப் பழகினோம். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. போய்ச் சும்மா இருந்துவிட்டு வா என்றால் கை என்ன செய்யும்?

ஆனால் அது பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த வசந்தம், இலை தெரியாமல் பூத்தது. மேடு முழுக்க ஊதா. தேனீக்கள் வந்து அதன்மேலே முனகிக்கொண்டு திரிந்தன. நான் அதற்குப் பக்கத்தில் இருந்து கதைப்பேன். இன்றைக்கு என்ன சமைத்தது, அப்பாவுக்கு எந்த ஷிப்ட், மாமி தொழிற்சாலையில் ஆரோடு சண்டை பிடித்தது, எல்லாம் சொல்வேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நாட்களைத் தள்ளினேன். அந்த இடம் இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறில்தான் மொரீன் வந்தாள்.

நாம் வாசலால் நுழையும்போதே தெரிந்தது. நம் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் முழந்தாளில் நிற்கிறாள். தலை நரைக்கத் தொடங்கிய, மெலிந்த பெண். பூக்களைத் தொடாமல் கையை மேலே பிடித்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் குளிர்காய்கிற மாதிரி. நான் ஓடிப்போய், "இது என்ரை பிள்ளை" என்று இங்கிலீசில் சொன்னேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவள் எழும்பி என்னைப் பார்த்தாள். "இல்லை, இது என் மகன்" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. அவள் அயர்லாந்துக்காரி. மகனைப் புதைத்த நாளுக்குப் பிறகு அவளால் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இன்றைக்குத் துணிந்து வந்தால், யாரோ பூப் பயிரிட்டிருக்கிறார்கள். "ஒரு நிமிஷம், அவன்தான் வந்து நட்டானோ என்று நினைத்துவிட்டேன்" என்று சொல்லி, வெட்கப்பட்டவள் மாதிரி முகத்தைத் துடைத்தாள்.

நான் நம்பவில்லை. நீங்கள்தான் தோட்டக்காரரைக் கூட்டி வந்தீர்கள், கந்தோருக்குப் பயந்த நீங்கள். அவர் புல்லை விலக்கி, மண்ணுக்குள் புதைந்திருந்த சின்ன மரக் கட்டைகளைக் காட்டினார். நம்பர் போட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இது அந்த அம்மாவுடைய பிள்ளை, உங்களுடையது இது என்று பக்கத்து மேட்டைக் காட்டினார். புல் மூடிப்போய்க் கிடந்தது அது. ஒரு மஞ்சள் களைப்பூ தவிர வேறு ஒன்றும் இல்லை.

மச்சாள், நான் எப்போதும் எந்தப் பக்கம் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். வெயில் முகத்தில் படாமல், அந்த மேட்டுக்கும் இந்த மேட்டுக்கும் நடுவில். இவ்வளவு காலமும் என் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வேறொரு பிள்ளையோடு கதைத்திருக்கிறேன். அவள் பின்னால் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தாளோ? உங்கள்மேல் பாய்ந்தேன்.

"உங்கட வடக்கும் நீங்களும்! தம்பிக்கும் ஒண்டும் தெரியாது, அக்காவுக்கும் ஒண்டும் தெரியாது! என்ரை பிள்ளை அநாதை மாதிரிக் கிடந்திருக்கு!"

வாயாடி என்று பேர் எடுத்த நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து தொங்கியது. அன்றைக்குத்தான் நீங்கள் அழுவதை முதன்முதல் பார்த்தேன்.

மொரீன், என்ன நடந்தது என்று உங்களிடம் கேட்டாள். உங்களுடைய அரைகுறை இங்கிலீசில் சொன்னீர்கள். மரத்தைக் காட்டி, வானத்தைக் காட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டி. அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ. முழந்தாளில் இருந்து, இரண்டு கையையும் அந்த ஊதாப் பாய்க்குள் விட்டு, பாதியைப் பிய்த்து எடுக்கத் தொடங்கினாள். "பாதி உன் மகளுக்கு" என்றாள்.

"ஐயோ, உவள் வேரை அறுக்கப் போறாள்! பூத்து முடியாமல் பிரிக்கப்படாது, சொல்லும், சொல்லும்!" என்று நீங்கள் அழுகைக்குள்ளேயே கத்தினீர்கள். நான் எங்கே சொல்வது? நீங்களே அவள் கையைப் பிடித்து நிறுத்தி, ஓரத்தில் படர்ந்து மண்ணில் தானே வேர்விட்டிருந்த கிளைகளைத் தேடி, விரலால் மெல்லக் கிளப்பிக் காட்டினீர்கள். இப்படி, இப்படி. தாயை அசைக்காமல் பக்கத்துப் பிள்ளைகளை மட்டும். மூன்று பேரும் அந்தப் பக்கத்து மேட்டுக் களையைப் பிடுங்கி, மண்ணைக் கூட்டி, அவற்றை வைத்தோம். வேலை முடிந்தபோது மொரீன், உன் மகளுக்கு என்ன பேர் என்று கேட்டாள். நான் உங்களைப் பார்த்தேன்.

"நொட் யெட்" என்றீர்கள் நீங்கள். இன்னும் வைக்கவில்லை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பியோடு நான் நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த டிசம்பரில் ஒரு விடியற்காலை நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், தெருமுனையில் நின்றுவிட்டு வந்தீர்கள். மூக்கெல்லாம் சிவந்து, நேரே என் அறைக்கு வந்தீர்கள்.

"தம்பி பிழையாச் சொல்லேல்லை. இந்த ஊரிலை மாரியிலை சூரியன் கிழக்கை எழும்புறேல்லை. தெற்காலை சரிஞ்செல்லோ எழும்புது! அவன் அதைக் கிழக்கெண்டு நினைச்சு வடக்குச் சொல்லியிருக்கிறான். நாங்கள் பங்குனியிலை போனம், சூரியன் நேரா நிண்டது. அவனுக்கு ஒரு வடக்கு, எங்களுக்கு ஒரு வடக்கு."

"அப்ப ஆர்ரை பிழை?"

"சூரியன்ரை பிழை. அதோடை போய்ச் சண்டை பிடியும்."

அன்றைக்கு நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விஷயம் என்று தெரியாமல் அவர் வாங்கிக் குடித்தார்.

புதிதாக வைத்தது அடுத்த வசந்தம் நன்றாகவே பூத்தது. பூத்து முடிந்ததும் அடியோடு வெட்டவேண்டும், இல்லாவிட்டால் நடு வெறுமையாகி ஓரம் மட்டும் நிற்கும் என்று புத்தகம் சொன்னது. நீங்கள் வெட்டு வெட்டு என்று கத்தரிக்கோலை என் கையில் தந்தீர்கள். எனக்கு மனம் வரவில்லை. "என்னத்துக்கு யோசிக்கிறீர்? பிள்ளையளுக்கு முடி இறக்கிற மாதிரித்தானே" என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். நான் குனிந்து வெட்டத் தொடங்கினேன். முழுவதும் வெட்டினேன். கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், மொட்டைத் தலையைத் தடவுகிற மாதிரி. அவளுக்கு நான் செய்த ஒரே சடங்கு அது.

பிறகு நம்முடைய வருஷங்கள் அப்படியே போயின. உங்களுக்கு விசா கிடைத்தது. வேறு வீடு பார்க்கப் போகிறேன் என்று வருஷாவருஷம் சொல்லிக்கொண்டு அந்தச் சின்ன அறையிலேயே இருந்தீர்கள். மொரீன் மாதத்தில் ஒரு ஞாயிறு பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வருவாள். நீங்கள் வடை கொண்டுபோவீர்கள். அவள் மிளகாயைத் தோண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடுவாள். பூக்கள் தங்கள் பாட்டில் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டன. நடுவில் நான் இருக்கிற இடமும் போய்விட்டது. அந்தப் பக்கம் மாறி இருக்கவேண்டி வந்தது. அந்த நம்பர் மரக் கட்டைகள் உக்கி மண்ணாய்ப் போயின. பிறகொரு வசந்தத்தில் மொரீன் தாயைப் பார்க்கவென்று ஊரோடு போய்விட்டாள். போகுமுன் என் கையைப் பிடித்து, என் மகனையும் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டாள். ஓம் என்று தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

உங்கள் உடம்பில் இருந்த வருத்தம் இன்னதென்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய்களோடு கிடந்தும் அதிகாரம் குறையவில்லை. "பூத்து முடிய வெட்டும். மனம் இரங்காதையும்." அவ்வளவுதான் எனக்கு நீங்கள் சொன்ன கடைசிப் புத்திமதி. உங்களை மின்சாரத்தில் எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார் தம்பி. எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் மச்சாள், உங்களோடு போய் இருக்க எனக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. அந்தப் பிள்ளைக்காவது ஒரு மேடு கிடைத்தது. உங்களுக்கு எங்கே போய்ப் பூ வைப்பேன்?

இப்போது நான் தனியே போகிறேன். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்கிறேன், வேறு யாரும் இருந்துவிடக்கூடாது என்று. களை பிடுங்கும்போது, "பாத்தீங்களோ மச்சாள்" என்று வாய் தானாகத் தொடங்கிவிடுகிறது. பிறகு நிறுத்திவிடுகிறேன். தமிழில் கதைக்க வீட்டில் ஆள் இருக்கிறார், கோயிலில் நூறு பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தைப் பற்றிக் கதைக்க இந்த லண்டனில் எனக்கு ஒரு மனிசர் இல்லை. நான் தனியே போய்வருவதைப் பார்த்து உங்கள் தம்பி காரில் கொண்டுபோய் விடத் தொடங்கினார். வாசலோடு சரி. ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருப்பார். நான் கேட்டதும் இல்லை, அவர் வந்ததும் இல்லை.

போன ஞாயிறு நான் உள்ளே இருக்கும்போது சோவென்று மழை பிடித்தது. குடை காருக்குள் இருந்தது. நனைந்தபடி நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். பார்த்தால் குடையைப் பிடித்துக்கொண்டு உங்கள் தம்பி நிற்கிறார், முள்மரத்தடியில். மரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அங்கே சூரியன் எங்கே இருக்கிறது? ஒரே சாம்பல். மழைக்குள் ஊதாவாக ஒரே விரிப்பு. சிறுபிள்ளை வழி தவறினது போல நின்றார். அவருக்கும் வயதாகிவிட்டது, மச்சாள். அன்றைக்குத்தான் நான் அதைக் கவனித்தேன்.

பக்கத்தில் வந்தார். பூவுக்கு முன்னால் வந்ததும் நின்று, குனிந்து, சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றி அதற்குள் வைத்தார். அந்த ஈரத்தில், அந்தக் குளிரில், வெறுங்காலோடு நின்றார்.

"எங்கட பிள்ளை எது?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. கையால் காட்டலாம் என்று எழும்பினேன். காட்ட முடியவில்லை. எங்கே இது முடிகிறது, எங்கே அது தொடங்குகிறது என்று எனக்கே இப்போது தெரியாது. ஒரு காலத்தில் அது தெரியாததற்காக உங்களைக் கிழித்துப் போட்டவள் நான்.

"ரெண்டும் எங்கடதான்" என்றேன்.

அவர் விறைத்த விரல்களை நீட்டி, முதலில் ஒரு பக்கத்தைத் தொட்டார். பிறகு மற்றப் பக்கத்தைத் தொட்டார். விளங்கியதோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு பழக்கதோஷத்தில், "கேட்டீங்களோ மச்சாள்" என்று நீங்கள் வழக்கமாக நிற்கிற பக்கம் திரும்பினேன்.